ஐயாயிரத்து நானூறு லடாக் படங்களிலிருந்து முப்பதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் 21 நாள் பயணம். மணாலியில் தொடங்கி சர்ச்சு, மோரே சமவெளி வழியாக லே. பிறகு நூப்ரா, பாங்காங், ஹன்லே, சோ மோரிரி. திரும்பும் வழியில் ஸ்பிதி. கையில் 5,400 படங்கள். அதில் ஓர் ஆல்பத்துக்கு 30, கூடத்தில் பெரிதாக மாட்ட ஒன்று, போட்டிக்கு அனுப்ப மூன்று நான்கு வேண்டும். "நாலு தடவை உட்கார்ந்துவிட்டேன், 400க்குக் கீழே குறைக்கவே முடியவில்லை, எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. லடாக் மாதிரி இடத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் நன்றாக வந்துவிடும். வானம் கருநீலம், மலை செம்பழுப்பு, ஏரி பச்சையும் நீலமும். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தால் யாராலும் 400க்குக் கீழே இறங்க முடியாது. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: அங்கே போகாத ஒருவர், நான் பக்கத்தில் நின்று கதை சொல்லாவிட்டாலும், இந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பாரா? கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத்தான்.

நேர்மை என்று சொல்லக் காரணம் உண்டு. முதல் முறை நான் லடாக் போனபோது சோ மோரிரிக் கரையில், 4,500 மீட்டருக்கு மேலே, விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கையுறைக்குள் விரல் மரத்துப்போக, மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். ஊருக்கு வந்ததும் என் பட்டியலில் அதுதான் முதலில் நின்றது. அக்காவிடம் காட்டினேன். இரண்டு விநாடி பார்த்தாள், அடுத்ததைத் தள்ளினாள். அவள் நின்று பார்த்தது வேறொரு படம். மோரே சமவெளியில் டயர் மாற்ற வண்டியை நிறுத்தியபோது, இறங்கி நின்று இரண்டு நிமிடத்தில் எடுத்தது. ஒரு பெரிய மேக நிழல் சமவெளியைக் கடந்து போகிறது. அதன் விளிம்பில், வெயில் படும் இடத்தில், கட்டெறும்பு அளவுக்கு ஒரு லாரி. அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதிலும், பட்ட பாடு அதிகமானால் குஞ்சு இன்னும் மின்னும். குளிரும் காத்திருப்பும் மூச்சுத்திணறலும் எனக்குள் இருந்தன, படத்துக்குள் வரவில்லை. இன்று வீட்டில் மாட்டியிருப்பது லாரிப் படம்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை: "நினைவு" என்று ஒரு தனி ஃபோல்டர் போடுங்கள். அதற்குக் கணக்கு வழக்கு வேண்டாம். வண்டி ஓட்டியவர் சிரிக்கும் படம், கூடாரத்தில் சூப் குடித்தது, பனியில் வழுக்கியது, கை நடுங்கி மங்கலாக வந்தாலும் உங்களுக்கு மட்டும் பொருள் உள்ள அந்த விடியல், எல்லாம் அதில் போகட்டும். 200 ஆனாலும் 300 ஆனாலும் சரி. இதை முதலிலேயே செய்துவிட்டால், "இதை எப்படித் தள்ளுவது" என்ற பரிதவிப்பு அடங்கிவிடும். படம் எங்கும் போகவில்லை, பத்திரமாக இருக்கிறது. அப்புறம் மீதியைக் கொஞ்சம் ஈரமில்லாமல் பார்க்க முடியும்.

இன்னும் மெமரி கார்டுகளை அழிக்கவில்லை என்று நம்புகிறேன். இரண்டு தனித்தனி டிஸ்குகளில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) ஒன்று சுமார் 25 எம்பி என்று வைத்தாலும் மொத்தம் 135 ஜிபிதான் வருகிறது. கேமரா, ஃபோன் இரண்டிலும் எடுத்திருந்தால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் முன்பின் இருந்தாலும் வரிசை குழம்பும். லைட்ரூம், டிஜிகாம் போன்ற மென்பொருள்களில் ஒரு தொகுதி முழுவதன் நேரத்தையும் மொத்தமாக நகர்த்திவிடலாம்.

கழிக்கத் தொடங்கும் முன் இன்னொன்று, பலர் தவறவிடுவது. ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்த வரிசைகள், பனோரமாவுக்காகப் பக்கவாட்டில் அடுத்தடுத்து எடுத்த வரிசைகள், இவற்றைக் கண்டுபிடித்து ஒவ்வொரு வரிசையையும் ஓர் அடுக்காகக் கட்டிவிடுங்கள். லைட்ரூமில் எடுத்த நேரத்தை வைத்து அடுக்கும் வசதி இருக்கிறது. இதை நான் அறியாமல் பட்ட நஷ்டம் பெரியது. அந்த முதல் பயணத்தில், ஆறாம் நாள் இரவு லேயில் தங்கிய அறையில் தலைவலியோடு படுத்துக்கொண்டு, கேமராத் திரையிலேயே "இருட்டாக வந்தவை" என்று நாற்பது ஐம்பது படங்களை அழித்தேன். அவற்றில் பாதி, அந்த வெளிச்ச வரிசைகளில் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தவை. வானத்தின் விவரம் முழுக்க அவற்றில்தான் இருந்தது. மீந்தவற்றில் மலை இருந்தது, வானம் வெள்ளைத்தாள். உயரத்தில் இருக்கும்போது உடலும் மூளையும் களைத்திருக்கும்; அங்கே எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து என் கட்டுப்பாடு.

சரி, இப்போது முதல் சுற்று. இது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. எந்த அரிசி உயர்ந்தது என்று யோசிக்கக் கூடாது, கல்லை மட்டும் எடுத்துப் போட வேண்டும். ஃபோகஸ் அடியோடு தப்பியது, ஓடும் வண்டியின் கண்ணாடி பிரதிபலித்தது, முன்னால் யாரோ குறுக்கே வந்தது, தவறி அழுத்தியது. படத்துக்கு மூன்று விநாடி. 5,400 படத்துக்கு 16,200 விநாடி, அதாவது நாலரை மணி நேரம். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்க்கத் தொடங்கிவிடும். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூமில் எக்ஸ் விசை தள்ளுவதற்கு, பி விசை வைத்துக்கொள்வதற்கு. இந்தச் சுற்றில் எக்ஸை மட்டும் தொட்டால் போதும்.

கல் என்று தவறாக எண்ணி அரிசியைத் தூக்கிப் போடும் இடம் ஒன்று உண்டு. பனி, வெண்மேகம், வெயிலில் பளிச்சிடும் கோம்பாச் (பௌத்த மடாலயம்) சுவர் இவை வரும் படங்களில் வெள்ளை வெளுத்துப்போன மாதிரி தெரியும். கேமராத் திரையில் நீங்கள் பார்த்ததும், அது காட்டிய ஹிஸ்டோகிராமும் (ஒளி அளவு வரைபடம்), கேமரா தானாகச் செய்த ஜேபெக் வடிவத்திலிருந்து வந்தவை. ரா ஃபைலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் விவரம் இருக்கும். ஒளி அளவைக் குறைத்துப் பார்த்து, விவரம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதே போல, சாய்ந்த அடிவானத்துக்காக எந்தப் படத்தையும் தள்ள வேண்டாம். அதை நேராக்க ஐந்து விநாடி போதும்.

இரண்டாம் சுற்றுதான் முக்கியமானது. நீங்கள் 400இல் மாட்டிக்கொண்டதும் இது இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் இடம் இடமாகப் பிரியுங்கள். உங்களிடம் பாங்காங் மட்டுமே 400, 500 படம் இருக்கும். ஆனால் காட்சிகள் எத்தனை? கரையின் வளைவு ஒன்று, எதிர்க்கரை மலை ஒன்று, மாலையில் மேகம் ஒன்று, இப்படி எண்ணினால் பத்தைத் தாண்டாது. என் அனுபவத்தில் மூன்று வாரப் பயணம் முழுவதும் ஒருவர் உண்மையில் நின்று பார்க்கும் காட்சிகள் நூற்றைம்பது சொச்சம். மீதி எல்லாம் அவற்றின் உடன்பிறப்புகள். உடன்பிறப்புகளை ஒன்றாக நிறுத்தி, "இந்த எட்டில் ஒன்று எது" என்று கேட்டால் கண் சட்டென்று வேலை செய்யும். "இது நல்ல படமா" என்ற கேள்விக்குக் கண் குழம்பும். "இதுவா அதுவா" என்பதற்குக் குழம்பாது. திரையில் நான்கைந்து படங்களை ஒரே நேரத்தில் பரப்பிப் பார்க்கும் காட்சிமுறை லைட்ரூமில் N என்ற எழுத்து விசையில் இருக்கிறது. செலவில்லாமல் செய்ய வேண்டுமென்றால் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதே மாதிரி செய்யலாம். டிஜிகாமில் இரண்டிரண்டாக வைத்து ஒப்பிடலாம்.

உடன்பிறப்புகளுக்குள் வித்தியாசம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் நடுவில் இருக்காது, ஓரத்தில் இருக்கும். நடுவில் இருப்பது மலைதான், அது எல்லாப் படத்திலும் அதே மலை. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கல், மூலையில் நுழைந்த உங்கள் நிழல், மேல் விளிம்பை உரசும் மலைமுகடு, ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்ட மேகத்தின் வால். அப்புறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது: சோர்டன் (பௌத்த ஸ்தூபி) கூம்பின் நுனி பின்னால் உள்ள மலைக்கோட்டைத் தொடுகிறதா, விலகி வானத்தில் தனியாக நிற்கிறதா? இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்த படத்தில் அது விலகியிருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். முடிவு வராவிட்டால் படங்களைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். சுருக்கியும் எது என்னவென்று தெளிவாகத் தெரிகிறதோ அதன் கட்டமைப்பு உறுதியானது. கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றிப் பார்ப்பதும் உதவும். பழக்கம் விட்டுப்போய், பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடனே தெரியும்.

இனி லடாக்குக்கே உரிய இரண்டு விஷயங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இடத்துப் படங்களுக்குச் சொல்லும் பொது அறிவுரை இங்கே பாதிதான் பொருந்தும்.

ஒன்று, அளவு. நம் ஊரில் பனைமரமோ தென்னையோ இல்லாத நிலக்காட்சி அபூர்வம். மரம் ஒன்று இருந்தால் போதும், பின்னால் உள்ள குன்று எவ்வளவு உயரம் என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும். லடாக்கில் அந்த அளவுகோல் கிடையாது. ஆற்றங்கரைக் கிராமங்களை விட்டால் மரமே இல்லை. 6,000 மீட்டர் சிகரமும், சாலையோரத்து மண்மேடும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். நேரில் நின்ற உங்களுக்கு அந்தப் பிரம்மாண்டம் உடம்பில் தெரிந்தது. படம் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஒரே காட்சியின் இரண்டு படங்களில் ஒன்றில் ஒரு லாரியோ, ஆட்டு மந்தையோ, சோர்டனோ, நடந்துபோகும் ஓர் ஆளோ சின்னதாக இருந்தால், என் கை அந்தப் பக்கம்தான் போகும். "யாரோ குறுக்கே வந்துவிட்டார்" என்று நீங்கள் தள்ளி வைத்த படங்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அந்தத் தொலைதூரத்து ஆள்தான் மலைக்கு உயரம் கொடுத்திருப்பார்.

இரண்டு, தூரம். சமவெளியில், காற்றில் தூசியும் ஈரமும் இருப்பதால் தொலைவில் உள்ளது வெளிறி, நீலம் பூசி, மங்கித் தெரியும். கொல்லிமலையோ நீலகிரியோ அடுக்கடுக்காகத் தெரிவது அதனால்தான். லடாக்கின் உலர்ந்த, மெல்லிய காற்றில் அது நடக்காது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள மலையும் கூர்மையாக, பக்கத்து மலையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி வரும். படம் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையை உடைப்பது பெரும்பாலும் மேக நிழல். முன்வரிசை மலை வெயிலில், அடுத்தது நிழலில், அதற்கும் அடுத்தது வெயிலில் என்று வந்தால் அடுக்குகள் பிரிந்துவிடும். பளீரென்ற மேகமில்லாத வானம் உள்ள படங்களை நாம் ஆசையாக வைத்துக்கொள்கிறோம். எனக்கு அவை அனேகமாக இந்தச் சுற்றிலேயே விழுந்துவிடுகின்றன. மேகம் பாதி மூடிய, "வெளிச்சம் சரியில்லை" என்று அன்று நீங்கள் அலுத்துக்கொண்ட நாள்களின் படங்கள்தான் நிற்கின்றன.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலை மாலைப் படங்களையே எடு, நண்பகல் படங்களைத் தள்ளு என்பது பொதுவான அறிவுரை. லாமாயூருவின் மஞ்சள் மண்மேடுகளுக்கு அது முழுக்கச் சரி. பழைய ஏரிப் படிவு அரிக்கப்பட்டு உண்டான அந்த மடிப்புகள் சாய்ந்த வெயிலில்தான் எழுந்து நிற்கும். ஆனால் பாங்காங்குக்கு அது சரி இல்லை. நீரின் அந்தப் பச்சைநீலம், சூரியன் உயரத்தில் இருந்து ஒளி தண்ணீருக்குள் இறங்கும்போதுதான் வரும். விடியலில் அதே ஏரி ஈயத்தகடு மாதிரி இருக்கும், அதுவும் அழகுதான், ஆனால் வேறு அழகு. பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் எடுத்த பாங்காங் படங்களை நேரத்தை மட்டும் பார்த்துக் கழித்துவிடாதீர்கள்.

லென்ஸின் முன்னால் போலரைசர் (பளபளப்பைக் குறைத்து வானத்தைக் கருமையாக்கும் வடிகட்டிக் கண்ணாடி) போட்டிருந்தீர்களா? அகலக் கோண லென்ஸில், 24 மில்லிமீட்டருக்கும் கீழே, அது வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக்கி ஒரு பட்டை உண்டாக்கும். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம் என்பதால் பட்டை இன்னும் பளிச்சென்று தெரியும். திருத்துவது பெரும்பாடு. போலரைசர் இல்லாத உடன்பிறப்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹன்லே இரவுப் படங்களைத் தனியாக வைத்துப் பாருங்கள். பகல் படங்களோடு கலந்து பார்த்தால் எல்லா நட்சத்திரப் படமும் அற்புதமாகத் தெரியும், ஏனென்றால் அவை வித்தியாசமானவை. அந்த வானம் அப்படிப்பட்டதுதான். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள வானாய்வகத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு, 1983இல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்ரமணியன் சந்திரசேகர் நினைவாக இமாலயன் சந்திரா தொலைநோக்கி என்று பெயர். 2022இல் அந்தப் பகுதியை இருண்ட வானக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். படத்துக்கு வருவோம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி நடுவிலும் நான்கு மூலையிலும் நட்சத்திரங்களைப் பாருங்கள். புள்ளியாக இருக்கிறதா, கோடாக இழுத்திருக்கிறதா? 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து வரும் விநாடிவரை எடுக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி. இன்றைய கேமராக்களில் பெரிதாக அச்சிட்டால் அதுவே சற்று இழுக்கும், 12, 15 விநாடியில் எடுத்தவை சுத்தமாக இருக்கும். ஃபோன் திரைக்கு இது எதுவும் தெரியாது, சுவருக்குத் தெரியும். அப்புறம், பால்வீதி மட்டும் உள்ள படத்தைவிட, கீழே மலைக்கோடோ கோம்பாவின் விளக்கோ உள்ளது ஆல்பத்தில் நிற்கும். வானம் மட்டும் என்றால் அது எந்த ஊர் வானமோ.

இந்த இரண்டு சுற்றும் முடிந்தால் 150 படம் அளவில் நிற்பீர்கள். இப்போதுதான் எல்லாவற்றையும் 100 சதவீதத்தில் திறந்து ஃபோகஸைச் சோதிக்க வேண்டும். முதலிலேயே அதைச் செய்தால் நாலரை மணி நேரம் நாற்பது மணி நேரமாகிவிடும். லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சிறிதாக்கி எடுத்த படங்களின் வானத்தில் சென்சார் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அந்த ஊர்த் தூசிக்கு அது தப்பாது. அதை அழித்துவிடலாம், அதற்காகப் படத்தைத் தள்ள வேண்டாம். முன்னால் உள்ள கல் கூர்மையாகவும் பின்னால் மலை மங்கலாகவும் இருந்தால் மட்டும் கறாராக இருங்கள்.

பிறகு நிறுத்திவிடுங்கள். குறைந்தது மூன்று வாரம் அந்த ஃபோல்டரைத் திறக்காதீர்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் நினைவின் சூடு தணிய வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56ஆம் ஆண்டுகளில் காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000 படங்களுக்கு மேல் எடுத்தார். அவர் எடுத்தது மனிதர்களையும் தெருக்களையும், நிலக்காட்சிகளை அல்ல. ஆனால் நீண்ட பயணம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுப்பது என்று வரும்போது நான் எப்போதும் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். சுமார் ஆயிரம் படங்களைச் சோதனை அச்சு எடுத்துப் பரப்பிவைத்து, மாதக்கணக்கில் கழித்துக் கழித்து, 1958இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் வைத்தது 83. முந்நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நீங்கள் கேட்பது 5,400க்கு 30, அதாவது 180க்கு ஒன்று. அவரைவிட நீங்கள் தாராளமாகத்தான் இருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள்.

மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது 150இல் அறுபது படம் தானாக விழுந்துவிடும். மீந்த 90 படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து மேக்ஸி அளவில், நாலுக்கு ஆறு அங்குலத்தில், அச்சு எடுத்துவிடுங்கள். திருத்தம் எதுவும் ஆழமாகச் செய்ய வேண்டாம். அடிவானத்தை நேராக்கி, ஒளியைச் சமன் செய்தால் போதும். ஒரு படத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வண்ணம் சேர்த்துவிட்டால், சோ மோரிரிக் குளிர் மாதிரி அந்த இரண்டு மணி நேரமும் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு தள்ள மனம் வராது.

அச்சுகளைக் கூடத்துத் தரையில் பரப்புங்கள். வீட்டில் உள்ளவர்கள், அந்தப் பக்கம் போகாத இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். "எது பிடிக்கிறது" என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். "இதில் பத்து எடுத்துத் தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் நின்றால் "அது எங்கே எடுத்தது தெரியுமா" என்று வாய் திறந்துவிடுவீர்கள், எனக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. மூன்று பேரும் தனித்தனியாக எடுத்த படம் ஒன்று இரண்டு இருக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓட்டெடுப்பு மாதிரி அப்படியே ஏற்க வேண்டாம். யாரும் எடுக்காத ஒரு படம் உங்களுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது, அதற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது, விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது என்றால், அது ஆல்பத்தில் இருக்கட்டும். ஆல்பம் உங்களுடையது.

90இலிருந்து 30க்கு வருவது வேறு மாதிரி வேலை. இதுவரை படத்தோடு படம் போட்டி போட்டது. இனி அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து வாழ வேண்டும். நீல ஏரி மூன்றை அடுத்தடுத்து வைத்தால், ஒவ்வொன்றும் தனியாக எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்றாவது செத்துவிடும். பாங்காங், சோ மோரிரி, சந்திரதால் மூன்றிலிருந்தும் ஒவ்வொன்றுதான் என்று முதலில் கட்டிவிடுங்கள். பிறகு ஆல்பத்தில் இடம் கேட்டால் ஒன்று சேர்க்கலாம். தூரத்துப் பரந்த காட்சி வந்தால் அடுத்தது அருகில் உள்ள ஒன்று வரட்டும்: வெடித்த ஏரிக்கரை மண், பிரார்த்தனைக் கற்கள், காற்றில் வரிவரியாகக் கிடக்கும் ஹுண்டர் மணல். தேதி வரிசையில் அடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்னொன்று, அகலக் கோணப் படங்கள் மேல் நமக்கு ஒரு பற்று உண்டு, இடம் பெரியது, அதனால் லென்ஸும் அகலமாக வேண்டும் என்று. தரையில் பரப்பிப் பார்க்கும்போது, 70-200 மில்லிமீட்டர் தொலைவு லென்ஸில் ஒரு மலைமடிப்பை மட்டும் வெட்டி எடுத்த படங்கள் எப்படி உயர்ந்து நிற்கின்றன என்று பாருங்கள். என் கடைசி முப்பதில் எப்போதும் பாதிக்குமேல் அவைதான்.

கீ கோம்பாவை மேலிருந்து, பின்னால் ஸ்பிதி ஆறு கிளை கிளையாக ஓட எடுத்த படம் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அங்கே போகிற எல்லோரும் எடுப்பது. தள்ள வேண்டுமா? தள்ள வேண்டாம், அந்த இடத்தின் அழகை ஆயிரம் பேர் எடுத்ததால் அது குறைந்துவிடவில்லை. ஆனால் அன்று உங்களுக்கு மட்டும் கிடைத்தது ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கோம்பா மேல் மட்டும் விழுந்த வெயில், புயல்மேகம், பள்ளத்தாக்கில் ஏறிவரும் தூசிச் சுழல். ஒன்றும் இல்லையென்றால் அது நினைவு ஃபோல்டருக்கு.

கூடத்தில் மாட்டும் ஒரே படத்துக்கு வேறு அளவுகோல். ஆல்பத்தில் புரட்டிவிட்டுப் போவீர்கள், சுவரில் உள்ளதைத் தினமும் பார்க்க வேண்டும். சத்தமான வண்ணம் உள்ளது இரண்டு மாதத்தில் சலித்துவிடும். வெறுமை அதிகம் உள்ள, உள்ளே கண் நடந்துபோக வழி உள்ள படம் நாளாக நாளாகப் பிடிக்கும். மூன்று நான்கு படங்களைத் தேர்ந்து, பெரிய தாளில் அச்சு எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். அளவைப் பொறுத்தவரை, 24 மெகாபிக்சல் படம் 6,000க்கு 4,000 புள்ளி. 12க்கு 18 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில், 3,600க்கு 5,400 போதும், தாராளமாக வரும். 20க்கு 30 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 200 புள்ளி விழும். ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும் கூடத்துக்கு அதுவும் போதும். ஆனால் பாதியை வெட்டி எடுத்த படத்தை அந்த அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

போட்டிக்கு அனுப்புவதில் ஒரு விதியைக் கவனியுங்கள். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) விதியைப் பின்பற்றும் போட்டிகளில் "இயற்கை" என்று ஒரு பிரிவு இருந்தால், அதில் மனிதர் உண்டாக்கியது எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. கோம்பா, சாலை, பிரார்த்தனைக் கொடி, என் லாரி, எதுவும் ஆகாது. எதையும் அழிப்பதும் சேர்ப்பதும் கூடாது. சென்சார் தூசியை நீக்கலாம். பயணம், நிலக்காட்சி, பொதுப் பிரிவுகளில் விதி வேறு, ஒவ்வொரு போட்டியின் குறிப்பையும் முழுக்கப் படித்துவிடுங்கள். மூல ரா ஃபைலைக் கேட்பார்கள், அது பத்திரமாக இருக்கட்டும். நடுவர் ஒரு படத்தை முதல் சுற்றில் சில விநாடிதான் பார்ப்பார் என்பதால், சுவருக்கு நான் சொன்ன அமைதியான படம் இங்கே பெரும்பாலும் எடுபடாது. புயல், ஒளிக்கற்றை, வலுவான உருவம் உள்ளதை அனுப்புங்கள்.

மீதி 5,000 படத்தை அழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் சுற்றில் பொறுக்கிய கற்களை அழித்துவிடுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். உடன்பிறப்புகளில் தோற்றவற்றை இன்னும் ஒரு வருஷம் டிஸ்கில் விடுங்கள். 150 வரை வந்தவை எப்போதும் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும் எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து எது பாரலாச்சா கணவாய், எது டங்லங் கணவாய் என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த செப்டம்பரில் இந்த 150ஐ மட்டும் ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு, இன்றைய 30இலிருந்து எதை வெளியே எடுக்கலாம், எதை உள்ளே வைக்கலாம் என்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் நாலைந்து மாறும். ஆல்பத்தை அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுத்தாலும் குறைவில்லை.